கிழங்கு டேலியாவா, விதை டேலியாவா? கொல்லையில் வைத்துப் பார்த்தவன் கணக்கு

கொடைக்கானலில் சித்தப்பா வீட்டு வேலியோரம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்திருந்த மஞ்சள் டேலியாவைப் பார்த்த அன்றே எனக்குப் புத்தி கெட்டுவிட்டது. அங்கே அது யாரும் சீண்டாமல் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் கிடந்து பூக்கிறது. கையோடு நாலு கிழங்கு வாங்கி வந்து, குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் கொல்லையில் வைத்தேன். மூன்று வருஷம் அந்தப் பெரிய ரகத்தோடு மல்லுக்கட்டினேன், கடைசி இரண்டு வருஷமாக விதை போட்டு வளர்க்கும் குட்டை ரகம். இப்போது என்னைக் கேட்டால், டெல்டாவுக்கு விதை டேலியாதான்.

பூவை மட்டும் பார்த்தால் போட்டியே கிடையாது. கெல்வின் ஃப்ளட்லைட் மாதிரி ரகம் நன்றாக வந்தால் ஒரு பூ 25 சென்டிமீட்டர் வரை விரியும், வாசலில் ஒன்று பூத்தால் தெருவே நின்று பார்க்கும். குட்டை ரகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் பூ, ஒன்றரை அடிச் செடி. ஆனால் பெரியதற்கு மூங்கில் குச்சி நட்டு இரண்டு மூன்று இடத்தில் கட்ட வேண்டும், பக்க மொட்டைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். குட்டைக்கு நாலு ஜோடி இலை விட்டதும் ஒருமுறை நுனியைக் கிள்ளினால் போதும்.

நாள் கணக்கு அடுத்த சிக்கல். பெரிய ரகம் கிழங்கு நட்டுப் பூக்க மூன்று மாதம், சில சமயம் இன்னும் கூடுதல். டேலியா மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி, ராத்திரி குளிர்ச்சி வேண்டும். நமக்கு அந்தக் குளிர்ச்சி மார்கழி, தை, பாதி மாசி, அவ்வளவுதான். மழை விடட்டும் என்று கார்த்திகைக் கடைசியில் நட்டால், மொட்டு விரியும்போது வெயில் 35 டிகிரியைத் தொட்டிருக்கும், பூ பாதி அளவில் நடுக்கண் தெரியச் சப்பென்று விரியும். முன்னாலேயே நடலாம் என்றால் ஐப்பசி மழை. தாழ்வாரத்தில் தொட்டி வைத்து இதைச் சமாளித்தேன், அதனால் இதை ஒரு பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

என்னைத் தோற்கடித்தது கிழங்கைக் காப்பாற்றும் வேலை. பங்குனியில் பூ ஓய்ந்ததிலிருந்து அடுத்த கார்த்திகை வரை ஏழெட்டு மாதம். பனி விழும் நாடுகளில் குளிருக்குப் பயந்து தோண்டி வைக்கிறார்கள், நாம் வெயிலுக்கும் பயப்பட வேண்டும், வெள்ளத்துக்கும் பயப்பட வேண்டும். முதல் வருஷம் மண்ணிலேயே விட்டேன். கொல்லை மண் களி, ஐப்பசியில் தண்ணீர் கோத்துக்கொண்டால் பத்து நாளைக்கு வடியாது. போதாததற்கு டேலியாத் தண்டு உள்ளே குழல், வெட்டிவிட்ட அடித்தண்டு வழியாக மழைத் தண்ணீர் நேராகக் கிழங்கின் கழுத்துக்குள் இறங்கிவிட்டது. தோண்டினால் கையில் கூழ்தான் வந்தது, அந்த நாற்றத்தைச் சோப்புப் போட்டும் போக்க முடியவில்லை.

இரண்டாம் வருஷம் புதுக் கிழங்கு, ஒன்று 200 ரூபாய். இந்த முறை தோண்டிக் காயவைத்து, மண்பானையில் ஆற்று மணல் போட்டுப் பரணில் ஏற்றினேன். ஓட்டுக்குக் கீழே சித்திரை வெயில் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. ஆவணியில் எடுத்தபோது கிழங்கு குண்டாகத்தான் இருந்தது, எனக்கு ஏக சந்தோஷம். ஆனால் ஒன்றுகூட முளைக்கவில்லை. சர்க்கரைவள்ளி மாதிரி இது கண்ட இடத்தில் துளிர்க்காது. தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில் மட்டும்தான் கண் இருக்கும். அந்தக் கழுத்து வற்றி நூலாகிப் போயிருந்தது. சதை உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம்?

மூன்றாம் வருஷம் லேசாக ஈரம் தெளித்த தென்னைநார்த் தூளில் புதைத்து, உள்ளறைத் தரையில் வைத்து, மாதம் ஒருமுறை கிளறிப் பார்த்து, அழுகினதை வெட்டிச் சாம்பல் தடவினேன். ஒன்பது கொத்தில் நாலு பிழைத்தது. ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும், அம்மா விடவில்லை. "சமைக்கலாம்னா வை, இல்லன்னா எடு" என்றாள். (மெக்சிகோவில் அந்தக் காலத்தில் தின்றிருக்கிறார்கள். அதைச் சொல்லிப் பார்த்தும் மசியவில்லை.)

விதை டேலியாவில் இந்தத் தலைவலியே கிடையாது. கார்த்திகை ஆரம்பத்தில் கூரைக்குக் கீழே தட்டில் விதைக்கிறேன், ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும், மார்கழி நடுவில் மேட்டுப் பாத்தியில் நடவு, தைக் கடைசியிலிருந்து பூ. பங்குனியில் செடியைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இதுவும் அடியில் சிறு கிழங்கு வைக்கும். போன வருஷம் ஒரு தொட்டியில் தானாகவே மறுபடி துளிர்த்தது, ஆனால் ஒரு தொட்டியை வைத்து உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒற்றை அடுக்குப் பூவாக இருந்தால் காலையில் தேனீ மொய்க்கும். அந்தக் கூட்டம் பெரிய அடுக்குப் பூவில் வந்து நான் பார்த்ததில்லை.

பாம்போன் (pompon) என்று உருண்டையாக, தேன்கூடு மாதிரி இதழ் சுருண்ட ரகம் ஒன்று உண்டு. 5 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பூ, வெட்டிச் சொம்பில் வைத்தால் வாடாமல் நிற்கும். ஒரே ஒரு பருவம்தான் வளர்த்தேன். பெரியதைவிடச் சீக்கிரம் பூத்தது, ஆனால் அதுவும் கிழங்குதான், சேமிப்புக் கதை அதேதான்.

வண்ணம்தான் விதையில் சூதாட்டம். நான் எடுத்து வைத்த அரக்குச் சிவப்பு விதையில் இந்த வருஷம் ஆரஞ்சும், யாருக்கும் பிடிக்காத ஒரு வெளுத்த ரோஸும் வந்தன. விதைக்கு விடாத பூவை வாடியதும் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மொட்டு குறைந்துவிடும். கிள்ளும்போது பார்த்துக் கிள்ளவும்: வாடிய பூ கூம்பாக நீண்டிருக்கும், புது மொட்டு பொத்தான் மாதிரி உருண்டையாக இருக்கும். முதல் பருவத்தில் நான் பாதி மொட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஏன் பூக்கவில்லை என்று உரம் வைத்துக்கொண்டிருந்தேன்.