2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: கல்லைப் பார்த்து வாங்குங்கள்

கிரைண்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது நிறம், அடுத்து வாட்ஸ், அதற்கடுத்து கூடவே என்ன இலவசம் என்பது. மாவு எப்படி வரும் என்பதில் இந்த மூன்றுக்கும் பெரிய பங்கில்லை. டிரம்மின் அடியில் பதித்திருக்கும் கல், அதன்மேல் உருளும் குழவிகள், சுவரில் ஒட்டும் மாவை வழித்து உள்ளே தள்ளும் ஸ்கிரேப்பர், இந்த மூன்றும்தான் மாவைத் தீர்மானிக்கின்றன. நான்கு பேர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு முறை இட்லி மாவு அரைக்க எதை வாங்கலாம் என்றால், டிரம்மைத் தனியே தூக்கி எடுக்க முடிகிற 2 லிட்டர் கிரைண்டரைச் சொல்வேன். கூம்புக் கல் போட்ட மாடல் கையில் உள்ள பணத்துக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள்.

கூம்புக் கல் ஏன்? டிரம் சுற்றும்போது அடிக்கல்லின் வெளி விளிம்பு வேகமாகவும் நடுப்பகுதி மெதுவாகவும் நகர்கிறது. உருளை வடிவக் குழவிக்கு இரண்டு முனையிலும் ஒரே சுற்றளவு. அதனால் ஒரு முனை சரியாக உருண்டால் மறுமுனை தேய்த்து இழுபடும். கூம்புக் குழவியின் பருத்த முனை வெளிப்பக்கமும் சிறுத்த முனை நடுப்பக்கமும் இருப்பதால் முழு நீளத்துக்கும் ஒட்டி உருள்கிறது. வீண் உரசல் குறைகிறது, மாவு சூடேறுவதும் குறைகிறது. எல்ஜி அல்ட்ரா (Elgi Ultra) கிரைண்டர் பெயர் வாங்கியது இந்தக் கூம்புக் கல்லால்தான். அதற்காக உருளைக் கல் மட்டம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ஓடுவது அதுதான், நல்ல மாவும் தருகிறது. தேய்ந்தால் திரும்பக் கொத்தித் தருவதற்கும் அது எளிது. மூன்று குழவி உள்ளவை கொஞ்சம் வேகமாக அரைக்கும், ஆனால் கழுவ வேண்டிய இடுக்கும் ஒன்று கூடுகிறது. வீட்டு அளவுக்கு இரண்டு குழவி போதும்.

டில்டிங் மாடலில் டிரம்மைத் தூக்க வேண்டாம், சாய்த்தால் மாவு பாத்திரத்தில் வழிந்துவிடும். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், ஒரே தடவையில் நிறைய அரைப்பவர்களுக்கும் அது வரம். குறை என்னவென்றால் டிரம்மைத் தொட்டியில் வைத்துக் கழுவ முடியாது. தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, சாய்த்து, மறுபடி ஊற்றி, மூன்று நான்கு தடவை அலச வேண்டும். எடையும் அதிகம், விலையும் அதிகம். இடம் மாற்றாமல் மேடையில் ஒரே மூலையில் வைக்க வசதி இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள்.

கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அடிக்கல்லில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் எங்கும் ஒரே சொரசொரப்பு தெரிய வேண்டும். கல்லும் ஸ்டீலும் சேரும் வளையத்தில் நகம் இறங்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அந்தப் பீஸை வாங்காதீர்கள். அந்த இடுக்கில் தங்கும் மாவு எவ்வளவு கழுவினாலும் புளிப்பு வாடை அடிக்கும், அடுத்த மாவையும் சீக்கிரம் புளிக்க வைத்துவிடும். குழவியை அச்சில் மாட்டிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கலாம், கடகடவென்று ஆடினால் உள்ளே அச்சைச் சுற்றியுள்ள சிறு வளையமான புஷ் சரியில்லை. ஸ்கிரேப்பரின் விளிம்பு டிரம் சுவரை மெல்லத் தொட வேண்டும். அழுத்தித் தொட்டால் சீக்கிரம் தேயும், தொடாவிட்டால் சுவரில் ஒட்டிய உளுந்து அரைபடாமலே நிற்கும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் பெட்டியில் ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று இந்தச் சோதனைகளை விட்டுவிடக் கூடாது. மோட்டாருக்கு இத்தனை ஆண்டு வாரண்டி என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும். பெல்ட், புஷ், ஸ்கிரேப்பர் போன்ற தேயும் பாகங்கள் பெரும்பாலும் அதில் சேராது. அவை உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

2 லிட்டர் என்பது டிரம்மின் கொள்ளளவு. 2 லிட்டர் மாவு அரைக்கலாம் என்று பொருளல்ல. ஒரு தடவைக்கு 600 கிராம் அரிசியோடு நிறுத்துவது நல்லது. 800 கிராம் போட்டால் ஓடும், ஆனால் தண்ணீர் சேரச் சேர மாவு நடுத்தண்டின் உயரத்துக்கு ஏறிவிடும். தண்டைத் தாண்டி உள்ளே இறங்கும் மாவு நேராகப் போவது சுழலும் அச்சுக்கும் பேரிங்குக்கும். கிரைண்டர் கெடுவதற்கு இதுவே பெரிய காரணம். மிகக் குறைவாகப் போட்டாலும் பயனில்லை. உளுந்து 150 கிராமுக்குக் கீழே போனால் குழவிக்கு அடியில் நிற்காமல் சுவரில் அப்பிக்கொள்ளும்.

புதுக் கிரைண்டரில் நேராக மாவு அரைக்கக் கூடாது. கல் செதுக்கிய தூள் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். முதலில் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு கைப்பிடி ஊறவைத்த பச்சரிசியும் ஒரு ஸ்பூன் கல்லுப்பும் போட்டு 15 நிமிடம் ஓடவிட்டு, வந்ததைக் கொட்டிவிடுங்கள். சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடியும் அரிசி போட்டு ஓட்டுங்கள். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறப்பு இல்லை என்றான பிறகுதான் உண்மையான மாவு.

அரைக்கும் முறை: 600 கிராம் இட்லி அரிசிக்கு 150 கிராம் தோல் நீக்கிய முழு உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். அரிசி 4 மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரமே போதும், வெந்தயத்தை அதனோடு போட்டுவிடலாம். வெயில் காலத்தில் உளுந்தை ஊறிய தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வையுங்கள், அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டரை முதலில் ஓடவிட்டு, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதன்பிறகு உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். நிறைத்து வைத்துவிட்டு சுவிட்ச் போடுவது பெல்ட்டுக்கும் மோட்டாருக்கும் சுமை. தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் உளுந்து குழவிக்கு அடியில் அகப்படாமல் வழுக்கி ஓடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் அரைத்தால் காற்றைப் பிடித்துக்கொண்டு பந்துபோலப் பொங்கி வரும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் எடுக்கலாம். உளுந்து காணவில்லை, அதாவது மாவு பொங்கி அளவு கூடவில்லை என்று கிரைண்டரைக் குறை சொல்பவர்கள் முதலில் உளுந்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய உளுந்து எந்தக் கல்லிலும் காணாது. அரிசி 20 நிமிடம், மெல்லிய ரவைப் பதம். உப்பைக் கிரைண்டரில் போடாமல், இரண்டையும் பாத்திரத்தில் சேர்த்துக் கையால் கலக்கும்போது போடுங்கள்.

இனி கோளாறுகள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும் அல்லது வழுக்குகிறது. ரப்பர் கருகும் வாடை வந்தால் வழுக்கல்தான். மோட்டார் சுழலாமல் உறுமல் மட்டும் கேட்டால் உடனே அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் பெரும்பாலும் மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெபாசிட்டர் போயிருக்கும், சின்னச் செலவு. இறுகி நின்றால் காய்ந்த மாவு அல்லது துருப்பிடித்த பேரிங். மின்னழுத்தம் குறைவான நேரத்திலும் உறுமும், ஆகவே விளக்கும் மங்கலாக எரிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தானே நின்றுவிட்டால், சில மாடல்களில் அடியில் ஒரு சின்ன ஓவர்லோடு பட்டன் இருக்கும். மாவைக் குறைத்து, 20 நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் போதும்.

பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாம். வாரண்டி இருக்கும்போது திறக்க வேண்டாம், சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள். வாரண்டி முடிந்ததென்றால் பிளக்கைப் பிடுங்கி, கல்லையும் டிரம்மையும் எடுத்துவிட்டு, உடலை ஒரு துணிமேல் கவிழ்த்து அடித்தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முழுதாகக் கழற்றாமல் தளர்த்தினால் மோட்டார் முன்பின் நகரும். உள்பக்கம் தள்ளிப் பழைய பெல்ட்டை உருவி, அதன்மேல் உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதியதை வாங்கி மாட்டி, மோட்டாரை இழுத்துப் பிடித்து போல்ட்டுகளை முறுக்குங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்க வேண்டும். கம்பிபோல இறுக்கிவிட்டால் பேரிங் கத்தும், மோட்டார் சூடாகும். 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்த கிரைண்டர் வீட்டில் தூங்குகிறது என்றால், தூக்கிப் போடுவதற்கு முன் பெல்ட்டையும் கெபாசிட்டரையும் பாருங்கள். பல நேரம் அவ்வளவுதான் கோளாறு.

முன்பு அரை மணியில் அரைபட்ட உளுந்துக்கு முக்கால் மணி ஆகிறது, பெல்ட்டும் சரியாக இருக்கிறது என்றால் கல் வழவழப்பாகிவிட்டது. அம்மி கொத்துவதுபோல இதையும் கொத்த வேண்டும். உளியோடு நீங்கள் இறங்காதீர்கள். அடிக்கல் விரிசல் விட்டால் டிரம்மையே மாற்ற வேண்டிவரும்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பயம் வேண்டாம். 150 வாட்ஸ் மோட்டார் 50 நிமிடம் ஓடினால் 0.125 யூனிட். 750 வாட்ஸ் மிக்ஸியை 10 நிமிடம் ஓட்டினாலும் அதே கணக்குதான், மாவு சூடாவது தனி.

கூடவே விற்கும் சாமான்களில் தேங்காய்த் துருவி எனக்குப் பிடித்தமில்லை. தேங்காய் மூடியைச் சுழலும் பல்லில் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், ஈரக்கை வழுக்கினால் ஆபத்து. மாவு பிசையும் இணைப்பு சப்பாத்திக்குப் பரவாயில்லை, அரைக் கிலோவைத் தாண்டாத வரை. கட்டாயம் வாங்க வேண்டியவை வேறு: 5 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று, வளையும் சிலிக்கோன் கரண்டி ஒன்று, உங்கள் மாடலுக்கான ஸ்கிரேப்பர் கூடுதலாக ஒன்று. கழுவி முடித்ததும் குழவியையும் டிரம்மையும் மூடாமல் காற்றாட வையுங்கள். டிரம் உட்காரும் அச்சை ஈரத்துணியால் துடைத்தால் போதும், அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.