கடலூர்க் காற்றில் ஒரு கேம்பர் வேன்: ஈரமும் பூஞ்சணமும்

பழைய வேன் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, அலமாரி எல்லாம் வைத்து கேம்பராக மாற்றிச் சில ஆண்டுகளாக ஓட்டுகிறோம். வண்டி நிற்பது தேவனாம்பட்டினம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். இந்தக் கரையில் கேம்பர் வைத்திருப்பவருக்கு இன்ஜினைவிட ஈரம்தான் பெரிய செலவு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது கொட்டிய மழையில்தான் வண்டியின் ஓட்டை வெளியே தெரிந்தது. மேல் அலமாரியின் பிளைவுட் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. மெத்தைக்கு அடியில் கருப்புப் புள்ளிகள், கதவைத் திறந்தாலே மக்கல் வாடை. தண்ணீர் சொட்டியது பின்பக்கம். ஆனால் அது இறங்கியதோ கூரை ஃபேனைச் சுற்றி. கூரைத் தகட்டின் உட்பட்டை வழியாக ஓடிப்போய் வேறிடத்தில் சொட்டுகிறது. ஆகவே சொட்டும் இடத்தில் பூசிப் பயனில்லை. ஒருவர் வெளியே நின்று ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இணைப்பிலும் நிறுத்தி நிதானமாகத் தண்ணீர் விட வேண்டும். இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு பார்க்க வேண்டும். மேலிருந்து விட்டால் எல்லாமே நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது.

ஃபேனைப் பொருத்திய பட்டறையில் வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் பசையைச் சுற்றிலும் பூசியிருந்தார்கள். அந்த வகை, பூச்சில்லாத இரும்பை அரிக்கும். வெயிலில் தகடு விரிந்து சுருங்கும்போது ஓரம் விட்டுப்போகும். பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டவும் ஒட்டாது. முழுவதையும் சுரண்டியெடுத்து, ஃபேன் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா), ஓரத்தில் பாலியூரித்தேன் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) என்று மாற்றினோம். பியூட்டைல் இறுகிப்போகாமல் தகட்டோடு சேர்ந்து அசைந்து கொடுக்கிறது. அடுத்த ஐப்பசி, கார்த்திகையிலும் அந்த இடம் நனையவில்லை. செலவழித்த காசுக்கு முழு மதிப்பு தந்த பொருள் இதுதான் என்பேன்.

பூஞ்சணத்துக்கு பிளீச்சிங் திரவம் தடவச் சொல்பவர்கள் அதிகம். டைல்ஸுக்குச் சரி, மரத்துக்குச் சரிவராது. மேலே வெளுத்துக் காட்டும், தண்ணீர் மட்டும் மரத்துக்குள் இறங்கும். லேசாகப் படிந்த இடங்களை வினிகரால் துடைத்து வெயிலில் காயவிட்டோம். முகமூடி கட்டாயம். வினிகரையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். உப்பிய பலகையை அறுத்தெறிந்து, ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போட்டோம். அறுத்த ஓரங்களுக்கு எபாக்ஸி பிசின் பூசாமல் விட்டால் மரைன் பிளைவுட்டும் அந்த ஓரம் வழியாக ஈரம் குடிக்கும். ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றும் வாங்கினோம். மரத்தில் அது 20 சதவீதத்தைத் தாண்டிக் காட்டினால் மக்கும் அபாயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒழுகல் நின்ற பிறகும் மெத்தை ஓரத்தில் மறுபடி பூஞ்சணம் பூத்தது. இம்முறை ஈரம் உள்ளிருந்தே வந்தது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. அதோடு இரவெல்லாம் மூடிய வண்டிக்குள் நம் மூச்சு. மார்கழிக் குளிரில் அத்தனையும் தகட்டில் வேர்த்து நிற்கும். சமைக்கும்போது கூரை ஃபேனை வெளியே இழுக்கும்படி ஓடவிடுவதும், மெத்தையைப் பலகையிலிருந்து தூக்கிச் சட்டங்கள்மேல் போட்டதும்தான் இதற்குத் தீர்வாயின.

ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்கள் அலமாரிக்குள் வைக்க நல்லவை. வண்டி முழுவதற்கும் அவற்றை நம்ப முடியாது. அடியில் சேரும் உப்புநீர் கவிழ்ந்தால் இரும்பு கெடும். வண்டி சும்மா நிற்கும் மழைமாதங்களில் வீட்டு பிளக்கிலிருந்து வயர் இழுத்து, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் ஓட்டுகிறோம். கரண்ட் பில் ஏறும், ஆனாலும் வேண்டும்.

கடல் உப்பையும் மறக்கக் கூடாது. அது படிந்த இடம் தானாகவே ஈரம் இழுக்கும். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து உட்பக்கத்தைத் துடைத்து, உடனே காயவிட வேண்டும். கோடையில் கதவைத் திறந்து போட ஏற்ற நேரம், கடற்காற்று இறங்குவதற்கு முன் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் முற்பகல்.

இந்தப் பக்கம் பழைய கேம்பர் வாங்குவதாக இருந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மூலைப் பலகைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மெத்தையைத் தூக்கச் சொல்லுங்கள். உள்ளே புதுப் பெயின்ட் வாடை தூக்கலாக இருந்தால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.