கோடைக்கானல் ஈரத்தில் ஒரு நிக்சிக் கடிகாரம்

கடந்த புரட்டாசியில் வாங்கிய, கண்ணாடிக் குழாய்களுக்குள் எண்கள் ஒளிரும் நிக்சிக் கடிகாரத்தை ஐப்பசி மழை, மார்கழிக் குளிர், சித்திரைக் கூட்டம் மூன்றையும் தாண்டிப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஆறு ஐஎன்-12 குழாய்களும் போர்டும் பாகங்களும் தனித்தனியாக வந்த இத்தொகுப்புக்கு 14,500 ரூபாய் கொடுத்தேன். சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைப்பது) பழகிய கை இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லாதவர்கள் கட்டி முடித்த கடிகாரத்தையே தேடுவது நல்லது.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955-இல் சந்தைக்குக் கொண்டுவந்த நிக்சிக் குழாயில், குண்டு பல்பைப் போல இழை சூடாவதில்லை. 0 முதல் 9 வரையிலான வடிவங்களில் அமைந்த பத்து மெல்லிய உலோக எண்கள் கண்ணாடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன; எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ, அதை ஒட்டியிருக்கும் நியான் வாயு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறது. அடுக்கு எண் வரிசைப்படி அமையாததால், வினாடிகள் ஓடும்போது எண்கள் முன்னும் பின்னும் தாவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சோவியத் தயாரிப்பான ஐஎன்-12-இல் 2-இன் வடிவத்தையே தலைகீழாக வைத்து 5 ஆக்கியிருக்கிறார்கள். முதல் வாரம் உறுத்திய இந்தச் சிக்கனம் இப்போது எனக்குப் பிடித்துப்போயிற்று.

கட்டி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. அடாப்டர் தருவது 12 வோல்ட்தான் என்றாலும் போர்டு அதை 170 வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது என்பதால், குழாய்களைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் அளந்து பார்ப்பது கட்டாயம். எனக்கு 176 காட்டியது. அடாப்டரைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்திருக்கலாம். இல்லாததால் அதை என் ஆள்காட்டி விரல் கற்றுக்கொண்டது. இன்னொன்றும் அதில் இல்லை. பிற்கால நிக்சிக் குழாய்கள் பெரும்பாலானவற்றில், ஆயுளை நீட்டிக்கச் சிறிதளவு பாதரசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவுச் சிக்கலால் 2001-இல் மூடப்பட்ட இந்த ஊரில் அதன் பொருளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழாய் உடைந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் கூட்டாமல், கையுறை அணிந்து அட்டையால் அள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் குறையில்லை. ஐப்பசி மழை தொடங்கி, மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்துபோகும் நாட்களில், நிமிடக் குழாயில் 4 எரியும்போது அதன் பின்னால் 7-உம் மங்கலாகத் தெரிந்தது. குழாய்தான் பழுது என்று எண்ணி இடம் மாற்றிப் பார்த்தேன். மங்கல் அந்தச் சாக்கெட்டிலேயே நின்றது. போர்டைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, சால்டரிங் செய்யும்போது உதவும் ஃபிளக்ஸ் பசையில் நான் துடைக்காமல் விட்ட படிவு, ஈரம் குடித்துப் பிசுபிசுவென்று இரண்டு பின்களுக்கு நடுவே பாலம் போட்டிருந்தது. ஐந்து வோல்ட் சுற்றில் கண்டுகொள்ள வேண்டியிராத கசிவு, 170 வோல்ட்டில் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாகிவிடுகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு போர்டு முழுவதையும் கழுவி, ஒரு நாள் அடுப்பங்கரை மேடையில் உலரவிட்டதும் சரியாயிற்று. குறை பாதி என்னுடையது. ஆனாலும் மலைப்பகுதியிலும் கடலோரத்திலும் வாங்குபவர்களுக்காக, கழுவச் சொல்லும் ஒரு குறிப்பை விற்பவர் சேர்த்திருக்க வேண்டும். சாக்கெட்டுகளின் தரத்துக்கு அவரே முழுப் பொறுப்பு. மார்கழியில் ஒரு குழாயில் 9 எரியாமல் போனது, குழாயை இரண்டு முறை கழற்றிச் செருகியதும் மீண்டது. பின் கவ்வும் பித்தளை நாக்குகள் அவ்வளவு தளர்வு.

நேரம் காட்டுவதில் இதை மனமாரப் பாராட்டுவேன். கடிகாரங்களில் இருக்கும் சாதாரண 32,768 ஹெர்ட்ஸ் படிகம் ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும், குளிர்ந்தால் பின்தங்கும். இங்கே மார்கழி இரவுகளில் இருக்கும் குளிருக்கு மாதம் இருபது வினாடி போவது இயல்பு. இதில் நேரத்தைக் கணக்கிடும் டிஎஸ்3231 சிப் தன் வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்வதால், ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்பது அதன் கணக்கு. கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டதில் ஏழு மாதத்தில் பதினொரு வினாடிதான் விலகியிருக்கிறது. காற்றில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்து ஒன்றரை நாள் மின்சாரம் இல்லாதபோதும், சிஆர்2032 பொத்தான் பேட்டரி நேரத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. பின்புறப் பொத்தான்கள் மூன்றும் ஒரே மாதிரி இருப்பதால் இருட்டில் அமைப்பை மாற்றுவது மட்டும் தொல்லை.

நீண்ட நாள் எரியாத எண்களின் மேல், எரிகிற எண்களிலிருந்து சிதறும் உலோகத் துகள் படிந்து அவை திட்டுத்திட்டாகிவிடும். மணியின் முதல் குழாய்க்கு 0, 1, 2 தவிர வேறு வேலையே இல்லை. அதனால் அதிகாலை நான்கு மணிக்கு எல்லா எண்களையும் பத்து நிமிடம் சுழலவிடும் வசதியைத் தந்திருக்கிறார்கள், அதை அணைத்துவிடாதீர்கள். இரவு பதினொன்று முதல் ஐந்து வரை, அந்தப் பத்து நிமிடம் தவிர, குழாய்கள் அணைந்திருக்கும்படி வைத்திருக்கிறேன். உதிரியாக இரண்டு குழாய்களும் வரவழைத்தேன். ஒன்றில் 3 பாதிதான் எரிகிறது, மாற்றித் தருவதாகச் சொன்ன கடைக்காரரிடமிருந்து இன்னும் பார்சல் வரவில்லை.