ரஸ்ட்டெஸ்க்கா, மெஷ்சென்ட்ரலா, குவாகமோலியா?

தங்கள் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக, தொலைவிலிருக்கும் கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் நிரலான எனிடெஸ்க்கின் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். இப்படி ஒரு செய்தி வந்தால், ‘ரிமோட் டெஸ்க்டாப் சர்வரை நாமே வைத்துக்கொண்டால் என்ன?’ என்ற எண்ணம் தானாக வரும். சரி, ஓப்பன் சோர்ஸில் என்னென்ன இருக்கிறது என்று தேடினால் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ரஸ்ட்டெஸ்க், மெஷ்சென்ட்ரல், அப்பாச்சி குவாகமோலி.

எதில் என்ன வசதி என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இணைப்பை யார் தொடங்குகிறார்கள்? உங்கள் சர்வர் அந்தக் கம்ப்யூட்டரைத் தேடிப் போகிறதா, அந்தக் கம்ப்யூட்டர் உங்கள் சர்வரைத் தேடி வருகிறதா? பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

குவாகமோலி தேடிப் போகிற ரகம். அது தானாகத் திரையைப் பிடித்து அனுப்புவதில்லை. எதிர்முனையில் ஆர்டிபி (விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் முறை), விஎன்சி (திரைப் பகிர்வு முறை), எஸ்எஸ்ஹெச் (கட்டளை வரி இணைப்பு) என்று ஏதாவது ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதோடு பேசி, திரையை உங்கள் பிரவுசரில் வரைந்து காட்டும் வேலையை ‘குவாக்டி’ என்ற பின்னணி நிரல் செய்கிறது. எனவே யாரோ ஒருவருடைய வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் லேப்டாப்பை, நடுவில் ஒரு விபிஎன் (இணையம் வழியே போடும் தனிப்பட்ட பாதுகாப்பான இணைப்பு) போடாமல், இதனால் தொட முடியாது. ஆனால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இதற்கு நிகர் இல்லை. பயன்படுத்துபவர் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசர் போதும். யார் எந்த மெஷினுக்குள் போகலாம் என்று பிரித்துக் கொடுக்கலாம். நடந்ததைப் பதிவுசெய்தும் வைக்கலாம்.

நிறுவுவதுதான் கொஞ்சம் இழுக்கும். குவாக்டி, டாம்கேட் (ஜாவா வெப் நிரல்களை ஓட்டும் சர்வர்), ஒரு டேட்டாபேஸ் மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். குவாகமோலியின் 1.5 வரிசையை டாம்கேட் 10-இல் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. அதற்கு டாம்கேட் 9 வேண்டும். தேவையானதெல்லாம் சேர்த்துப் பொதிந்த நிரல்களை ஓட்டும் டாக்கரில் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. எப்படி நிறுவினாலும் முதல் வேலை, ‘குவாகட்மின்’ என்ற ஆரம்பக் கணக்கை ஒழிப்பது. அதற்குப் பாஸ்வேர்டும் அதே சொல்தான்! இன்னொரு விஷயம், உள்ளே போனபின் மெனுவைக் காணோமே என்று தேட வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும்.

ரஸ்ட்டெஸ்க்கில் இரு முனைகளும் வெளியே வந்து உங்கள் சர்வரில் சந்திக்கின்றன. சர்வரில் ஓடுபவை இரண்டே நிரல்கள். எச்பிபிஎஸ் ஒவ்வொரு மெஷினும் எங்கே இருக்கிறது என்று அறிந்து இரண்டையும் அறிமுகப்படுத்தி வைக்கும். அவை நேரடியாகப் பேச முடிந்தால் சர்வர் ஒதுங்கிக்கொள்ளும். முடியாவிட்டால் எச்பிபிஆர் நடுவில் நின்று டேட்டாவைக் கடத்தும். அப்போது செலவாவது உங்கள் சர்வரின் பேண்ட்வித். சர்வரில் 21115 முதல் 21117 வரையிலான போர்ட்களை (தொடர்பு வாசல்களின் எண்கள்) டிசிபிக்கும், 21116-ஐ யுடிபிக்கும் சேர்த்துத் திறந்தால் போதும் (இரண்டும் டேட்டா அனுப்பும் முறைகள்). வாடகைக்கு எடுக்கும் சின்ன விபிஎஸ்ஸே (மெய்நிகர் சர்வர்) தாங்கும். திரையை வீடியோவாகச் சுருக்கி அனுப்பும் கோடெக் பயன்படுத்துவதால் திரை அசைவும் இதில்தான் வழவழப்பு.

எதிர்முனையில் கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர் இருந்தால் சர்வர் முகவரியையும் அதை அடையாளம் காட்டும் நீளமான பொதுச் சாவியையும் ஃபோனில் சொல்லித் தட்டச்சு செய்ய வைப்பது நடக்கிற காரியமா? விண்டோஸ் என்றால் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. நிறுவும் கோப்பின் பெயரிலேயே முகவரியையும் சாவியையும் எழுதிவிட்டால் நிரல் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அவர் இரண்டு முறை கிளிக் செய்து திரையில் தெரியும் எண்ணைச் சொன்னால் போதும். பார்க்கக் கோமாளித்தனம் மாதிரி இருந்தாலும், வேலை செய்கிறது.

குறை என்றால், நிர்வாகப் பக்கம், எல்லோருக்கும் பொதுவான முகவரிப் புத்தகம், யாருக்கு எவ்வளவு அனுமதி என்ற கட்டுப்பாடு இவையெல்லாம் கட்டணம் கேட்கும் புரோ சர்வரில்தான். இலவச சர்வரில் நாற்பது மெஷின்களை மேய்க்க நினைத்தால் எண்களை எங்கேயாவது எழுதி வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். ஐபோனிலிருந்து மற்றதை இயக்கலாம், ஐபோனை இயக்க முடியாது. லினக்ஸில் திரையைக் காட்டும் புதிய முறையான வேலண்டோடு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை. ஆளில்லாத மெஷின் என்றால் பழைய முறையான எக்ஸ்11-ஏ நல்லது.

அந்த நாற்பது மெஷின் வேலைக்குத்தான் மெஷ்சென்ட்ரல். இன்டெல்லில் தொடங்கியது, நோட்.ஜேஎஸ்-இல் எழுதப்பட்டது, அப்பாச்சி 2.0 உரிமம். ஒரு குழுவை உருவாக்கினால் அதற்கென ஒரு ஏஜென்ட் (ஒவ்வொரு மெஷினிலும் ஓடும் சிறு நிரல்) கோப்பு கிடைக்கும். அதை ஓட்டியதும் அந்த மெஷின் 443 போர்ட் வழியாக சர்வரோடு தொடர்பு வைத்துக்கொண்டு, உங்கள் பிரவுசர் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். டெஸ்க்டாப் மட்டுமல்ல, டெர்மினலும் கோப்புகளும் அங்கேயே. இன்டெல் ஏஎம்டி (AMT, தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் சிப் வசதி) உள்ள கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தாலும் எழுப்பலாம். முகப்பு பழைய காலத்து வெப்சைட் மாதிரிதான் இருக்கும். திரையைத் துண்டு துண்டான படங்களாக அனுப்புவதால் வீடியோ திக்கும். நிர்வாக வேலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பேன்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். ஏஜென்ட்டுகள் உங்கள் சர்வரை அதன் சான்றிதழை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன. ‘மெஷ்சென்ட்ரல்-டேட்டா’ ஃபோல்டர் பேக்கப் இல்லாமல் தொலைந்து, சர்வரைப் புதிதாக நிறுவினால் ஒரு ஏஜென்ட்கூடத் திரும்பி வராது. ஒவ்வொரு மெஷினாகப் போய் மறுபடி போட வேண்டும். அப்புறம், நிர்வாகக் கணக்கு வேறு யார் கையிலாவது சிக்கினால் அத்தனை மெஷினும் அவர் கையில். இரட்டைச் சரிபார்ப்பைப் போடாமல் இதை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

உங்களுடைய இரண்டு மூன்று மெஷின்கள் மட்டும்தான் என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். வயர்கார்டு என்ற விபிஎன் ஒன்றைப் போட்டு, அதற்குள்ளே விண்டோஸின் ஆர்டிபியையோ, லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் எக்ஸ்ஆர்டிபியையோ பயன்படுத்துங்கள். ஆர்டிபி பயன்படுத்தும் 3389 போர்ட்டை மட்டும் வெளியே திறக்காதீர்கள்; அதில் 2019-இல் வந்த ப்ளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்ட ரகம். விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஆர்டிபி சர்வர் கிடையாது என்பதால், அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ரஸ்ட்டெஸ்க்கைப் போட்டு ஐபி முகவரி வழியாக நேரடியாக இணையும் வசதியை இயக்கிக்கொள்ளலாம். அதற்குச் சர்வரே தேவையில்லை.