மங்கு விழுந்த முகமும் நாலு வருஷமும்

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. "பிள்ளை பிறந்தா தானாப் போயிரும்" என்றார் மாமியார். பலருக்குப் போகத்தான் செய்கிறது. எனக்குப் போகவில்லை, பையனுக்கு இப்போது நாலு வயது.

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். முதல் வருஷம் மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையில், "சேச்சி, ரெண்டாழ்ச்ச போதும்" என்று ஒரு டியூப் தந்தார்கள். சொன்னபடியே இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. அத்தாச்சிக்கும் ஒன்று வாங்கித் தந்தேன் (அதற்கு இன்றுவரை திட்டு வாங்குகிறேன்). மூன்றாம் மாதம் வெயில் பட்டாலே எரிச்சல், தாடையில் பூனைமுடி, பரு. நிறுத்தியதும் மங்கு முன்னைவிடக் கருப்பாகத் திரும்பி வந்தது.

தேனியில் தோல் டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்தார். மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, கூடவே ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின். நாங்களும் எழுதுகிற மருந்துதான், ஆனால் சில வாரத்துக்கு மட்டும், கண்காணிப்போடு என்றார். பேர் ஊர் இல்லாத டப்பா கிரீம் அதைவிட மோசம். 2023-ல் மலப்புரத்தில் அப்படிப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதே, அதற்குக் காரணம் பாதரசம்.

எனக்கு எழுதித் தந்தது 20 சதவீத அசெலாயிக் அமில கிரீம். முதல் இரண்டு வாரம் எறும்பு ஊர்வதுபோல் நமைச்சல். மூன்று மாதம் ஒன்றுமே தெரியவில்லை. மாதாமாதம் ஒரே ஜன்னலோரம் எடுத்த போட்டோக்களை அடுக்கிப் பார்த்ததில், ஐந்தாம் மாதம்தான் ஓரங்கள் மங்கியிருந்தன.

ஆனால் நிஜமாகக் கைகொடுத்தது சன்ஸ்கிரீன். ஏலத்தோட்டம் நிழல், எந்நேரமும் மூடுபனி, எதற்கு என்று விட்டிருந்தேன். மேகம் புறஊதாக் கதிரை முழுசாகத் தடுக்காதாம். நம் போன்ற நிறத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீனில் அது நிற்காது. இரும்பு ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வருவதை வாங்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு. ஜீப் ஏறுமுன் ஒரு தரம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தரம். இப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதம் வராது. ஜாக்கெட் கழுத்தெல்லாம் கறை வேறு.

இப்போது இடது கன்னம் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. சித்திரை வெயிலில் லேசாகத் தலைகாட்டும், அவ்வளவுதான். வலது கன்னம் ஜீப்பில் வெளிச்சப் பக்கம்; அது இன்னும் அடம்பிடிக்கிறது. இடம் மாற்றிக் கேட்டேன். அந்த சீட் கங்காணிக்காம்.