சோங் கோல் என்று விற்று இஸிக் குல்லில் தங்கவைக்கிறார்கள்: செப்டம்பர் கிர்கிஸ்தான் பேக்கேஜ் எச்சரிக்கை

சென்னையில் விற்கப்பட்ட 7 நாள் கிர்கிஸ்தான் பேக்கேஜ் ஒன்று. புறப்பாடு செப்டம்பர் கடைசி வாரம். பயணத்திட்டத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: "சோங் கோல் ஏரிக்கரையில் நாடோடிக் குடும்பத்தோடு யுர்ட்டில் 2 இரவு." யுர்ட் என்றால் மரச்சட்டத்தின் மேல் கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம். கிடைத்தது இஸிக் குல் ஏரியின் தென்கரையில், பொகொன்பாயெவோ பக்கம் சாலையோரமாக இருந்த ஒரு சுற்றுலா முகாம். யுர்ட்டுக்குள் இரும்புக் கட்டில், சுவரோரம் பிளக் பாயிண்ட், வெளியே சிமென்ட் நடைபாதை. ஆடு இல்லை, குதிரை இல்லை, குடும்பமும் இல்லை. முகாமைப் பார்த்துக்கொள்ள சம்பள ஆள் ஒருவர் இருந்தார். கேட்டதற்குக் கிடைத்த பதில், "கணவாயில் பனி, போக முடியாது."

பனி விழுந்தது உண்மைதான். அந்தத் தேதியில் விழும் என்பது பேக்கேஜ் விற்றவருக்கு முன்பே தெரியும் என்பதும் உண்மை. மோசடியே அங்கேதான் இருக்கிறது.

சோங் கோல் 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஊர் கிடையாது, வருடம் முழுக்க இருக்கும் விடுதியும் கிடையாது. இருப்பது ஜைலூ, அதாவது கோடை மேய்ச்சல் நிலம். மேய்ப்பர்கள் ஜூனில் மந்தையோடு ஏறுவார்கள், செப்டம்பரில் இறங்கிவிடுவார்கள். பள்ளி திறக்கும்போதே பிள்ளைகளும் பெண்களும் கீழே போகத் தொடங்கிவிடுவார்கள். முதல் நல்ல பனி விழுந்தால் மிச்சம் இருப்பவர்களும் கம்பளியைச் சுருட்டி, மரச்சட்டங்களைக் கழற்றி, லாரியில் ஏற்றிவிடுவார்கள். சில மணி நேரத்தில் ஒரு யுர்ட் காணாமல் போகும். கொச்கோர் ஊர்ப் பக்கமிருந்து ஏரிக்குப் போகிற சாலை 3,400 மீட்டருக்கு மேலே கல்மாக் ஆஷூ கணவாயைத் தாண்ட வேண்டும். மண்சாலை அது. பனி விழுந்தால் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்கத் தயங்குவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

செப்டம்பர் முதல் பத்து நாளுக்குள் போனால் யுர்ட் கிடைக்க நல்ல வாய்ப்பு. 15-க்கு மேல் அதிர்ஷ்டம். 20-க்கு மேல் இல்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது தெரிந்தும் ஜூலை மாத பயணத்திட்டத்தையே தேதியை மட்டும் மாற்றி அக்டோபர் வரை விற்கிறார்கள். கீழே பொடி எழுத்தில், "வானிலை காரணமாகத் தங்குமிடம் மாற்றப்படலாம், பணம் திருப்பித் தரப்படாது" என்று ஒரு வரி. பேக்கேஜின் லாபமே அந்த வரியில்தான் ஒளிந்திருக்கிறது. 1,607 மீட்டரில் இருக்கும் இஸிக் குல் கரை முகாம்கள் செப்டம்பர் பனிக்கு மூடுவதில்லை, வண்டிச்செலவும் பாதி.

முன்பணம் கொடுக்கும் முன் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது, "யுர்ட் உண்டா?" என்று இல்லை. ஏரியின் எந்தக் கரை, எந்தக் குடும்பம், அவர்கள் எந்தத் தேதி வரை மேலே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். படாய் அரால், ஜமான் எச்கி, தூஸ் ஆஷூ என்று முகாம்கள் இருக்கும் இடங்களுக்குப் பெயர் உண்டு. பெயர் சொல்லத் தெரியாத ஏஜென்ட் இடம் பிடித்திருக்கவில்லை என்று அர்த்தம். கணவாய் மூடினால் மாற்று இடம் எது, அதற்கு எவ்வளவு பணம் கழிக்கப்படும் என்பதையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது.

இன்னொரு பித்தலாட்டம் குதிரையில். "குதிரைச் சவாரி சேர்த்து" என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது முகாமைச் சுற்றி ஒரு மணி நேரம், கயிற்றைப் பிடித்து ஒருவர் நடப்பார். உண்மையான பாதை கிஸார்ட் கிராமத்திலிருந்து கணவாய் ஏறி ஏரிக்கு இறங்குவது. அதற்கு வழிகாட்டி வேண்டும், அவர் ஏறும் குதிரைக்கும் உங்கள் பணம்தான். இந்த இரண்டாவது குதிரையின் வாடகையை ஊரில் சொல்லாமல் மலையடிவாரத்தில் நிறுத்திக் கேட்பார்கள். தலைக்கவசம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், பல இடங்களில் கிடையாது. பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரியும் 3,000 மீட்டருக்கு மேல் உயரமும் அடங்குகின்றனவா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள். இரண்டையும் விலக்கிவைத்த மலிவு பாலிசிகளைத்தான் பேக்கேஜோடு கட்டிக்கொடுக்கிறார்கள்.

தூரக் கணக்கையும் நீங்களே போடுங்கள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து கிழக்கே இருக்கும் கரகோல் நகரத்துக்குச் சுமார் 400 கி.மீ., வழியில் நிறுத்தாமல் போனாலே 6 முதல் 7 மணி நேரம். 5 நாளில் பிஷ்கெக், சோங் கோல், கரகோல், அதற்கு மேலே இருக்கும் வெந்நீர் ஊற்றுப் பள்ளத்தாக்கான அல்தின் அரஷான் எல்லாம் என்று எழுதியிருந்தால் ஜன்னல் வழியாகத்தான் நாட்டைப் பார்ப்பீர்கள். 800 மீட்டரில் இருக்கும் பிஷ்கெக்கில் காலையில் புறப்பட்டு அன்று இரவே 3,016 மீட்டரில் படுக்கவைக்கிற திட்டங்களும் இருக்கின்றன. இரவு முழுக்கத் தலைவலி, வாந்தி, மறுநாள் குதிரை வேறு. நடுவில் கொச்கோரில் ஒரு இரவு தங்க இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். அல்தின் அரஷானுக்குப் போகும் கடைசிச் சாலை கல்லும் குழியுமாக இருக்கும். பழைய சோவியத் கால வண்டிகள் போன்ற, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள்தான் ஏறும். அங்கே வாடகை முழு வண்டிக்கு. பேக்கேஜில் அதையே தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, 6 பேரை ஏற்றி, மூன்று மடங்கு எடுத்துவிடுகிறார்கள்.

அலா குல் ஏரி நடைப்பயணத்தையும் இதே தேதிகளில் விற்கிறார்கள். கணவாய் சுமார் 3,900 மீட்டர், இறங்கும் பக்கம் சரளைக்கல் சரிவு. அதன்மேல் புதுப்பனி படிந்தால் பழக்கமில்லாதவருக்கு ஆபத்து. கூடார முகாம்களும் அந்த மாதத்திலேயே ஒவ்வொன்றாக மூடும்.

யுர்ட் உண்மையிலேயே கிடைத்தாலும் குளிரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. செப்டம்பரில் ஏரிக்கரையில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். நடுவில் இருக்கும் இரும்பு அடுப்பில் காய்ந்த சாணி எரியும். அது வேகமாக எரிந்து, நடுநிசி தாண்டினால் அணைந்துவிடும், எழுந்து போடுவதற்கு எரிபொருள் உள்ளே இருக்கிறதா என்று படுக்கும் முன்பே பாருங்கள். குளிருக்குப் பயந்து கூரையின் வட்டத் திறப்பை முழுவதும் மூடச் சொல்லக் கூடாது, புகைக்குழாய் ஒழுகினால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். "தனி யுர்ட்" என்று பணம் வாங்கியிருந்தால் அதையும் எழுத்தில் வைத்திருங்கள். அங்கே ஒரு யுர்ட்டில் நான்கைந்து பேர் படுப்பதுதான் வழக்கம், மேய்ப்பருக்கு உங்கள் ரசீதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு "சைவ உணவு உத்தரவாதம்" என்பது நகரத்துக்கு மட்டும் பொருந்தும். மேலே காய்கறி சூப்பும் ஆட்டெலும்புத் தண்ணீரில்தான் கொதிக்கும். ரொட்டி, ஜாம், வெண்ணெய், டீ நிச்சயம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குமிஸ் எனப்படும் புளித்த குதிரைப்பால் செப்டம்பரில் தீர்ந்துகொண்டே வரும், அதைக் காட்டி விற்கிற பேக்கேஜையும் சந்தேகியுங்கள்.

"கழுகு வேட்டை" என்று இருப்பதும் காட்சிக்கு நடத்துவதுதான். நிஜ வேட்டைப் பருவம் குளிர்காலம். சில இடங்களில் உயிருள்ள முயலை விடுவார்கள், வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். உலக நாடோடி விளையாட்டுகள் 2014, 2016, 2018 மூன்று முறையும் கிர்கிஸ்தானில்தான் நடந்தன, 2024-இல் கஜகஸ்தானின் அஸ்தானாவில். அதாவது ஆண்டுதோறும் நடப்பதில்லை. எல்லா செப்டம்பருக்கும் "நாடோடி விளையாட்டு" என்று போட்டு விற்பவர் காட்டப்போவது சுற்றுலாக்காரர்களுக்காகக் கிராமத்தில் நடத்தும் அரை மணி நேர ஆட்டம்.

கெல் சூ ஏரிக்குக் கூடுதல் பணம் வாங்கியிருந்தால் எல்லைப் பகுதி அனுமதிச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சீன எல்லையை ஒட்டிய இடம் அது. உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும் தாள் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. விண்ணப்பிக்கவே இல்லாமல் கூட்டிப்போய், சாவடியில் திருப்பி அனுப்பியதும் "அதிகாரி விடவில்லை" என்று கைவிரிப்பது பழைய தந்திரம்.

விசாவுக்கு அரசு தளம் evisa.e-gov.kg மட்டும். அதே தோற்றத்தில் இருக்கும் தரகர் தளங்கள் தேடலில் மேலே வரும், கட்டணம் பல மடங்கு. கஜகஸ்தானின் அல்மாட்டியில் இறங்கித் தரைவழியாக நுழையும் திட்டம் என்றால், உங்கள் எல்லைச்சாவடி ஈ-விசா ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று அதே தளத்தில் பாருங்கள்.

பணம் கட்டும்போது இன்னொன்று. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு இந்தியாவில் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும், அது உங்கள் பான் எண்ணில் ஏறி உங்கள் வரிக் கணக்கில் தெரியும். பான் கேட்காமல் "டிசிஎஸ் சேர்த்து" என்று ரொக்கம் வாங்குகிறவர் அதைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார். தனிநபர் கணக்குக்கு யுபிஐ அனுப்பாதீர்கள், கிரெடிட் கார்டில் கட்டினால் சேவை கிடைக்காதபோது வங்கியிடம் மறுப்பு எழுப்ப வழி இருக்கும்.

ஏமாந்துவிட்டால் அங்கேயே ஆதாரம் சேருங்கள். முகாமின் வாசலில் நின்று இருப்பிடக் குறியோடு படம் எடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் உயரத்தைக் காட்டும். ரசீதில் சோங் கோல், படத்தில் 1,600 மீட்டர் என்றால் அதற்குமேல் வாதம் தேவையில்லை. ஊர் திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, காலக்கெடு 2 ஆண்டு. பயணத்திட்டத்தின் முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். "வானிலை" வரி எப்போது நுழைந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.