குரூப் ஹெட் கசிவு: ரப்பர் கேஸ்கெட்டா, சிலிகான் கேஸ்கெட்டா?

எஸ்பிரெசோ காபி இயந்திரத்தின் குரூப் ஹெட்டில் (வெந்நீர் இறங்கும் தலைப்பகுதி) பூட்டிய போர்ட்டாஃபில்டர் (காபித் தூளைத் தாங்கும் கைப்பிடி) விளிம்பில் நீர் வழிந்தால் உடனே கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) வாங்க ஓட வேண்டாம். பாஸ்கெட் (தூள் இடும் சல்லடைக் கிண்ணம்) விளிம்பிலும் கேஸ்கெட்டிலும் ஒட்டிய காபித் தூளை முதலில் பிரஷால் தேய்த்து எடுங்கள். பாதிக் கசிவு அங்கேயே நின்றுவிடும். கைப்பிடி வழக்கமான இடத்தைத் தாண்டி வலப்பக்கம் போனால் கேஸ்கெட் தேய்ந்திருக்கிறது. (இயந்திரத்தின் அடியில் நீர் தேங்கினால் பிரச்சினை வேறு: உள்குழாய் அல்லது ஓ-ரிங் எனும் சிறு அடைப்பு வளையம்.)

ரப்பர் மலிவு, பிடிமானமும் கெட்டி. ஆனால் 90 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நாளடைவில் கல்லாக இறுகி விரிசல் விடும். கழற்றுவதுதான் தலைவலி: மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, கேஸ்கெட்டில் சிறு திருகாணியை முறுக்கி இடுக்கியால் இழுக்க வேண்டும். பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும்.

சிலிகான் விலை கூடுதல். சூட்டிலும் மிருதுவாகவே இருப்பதால் முழுசாகக் கழன்று வரும், கைப்பிடியும் லேசாகப் பூட்டும். தினமும் பயன்படுத்துபவருக்கு இதுவே மேல்.

எதுவானாலும் தடிமன் முக்கியம். இ61 எனும் பரவலான குரூப் ஹெட் வகையில் 8, 8.5 மி.மீ. இரண்டும் புழங்குகின்றன. தடித்ததைப் போட்டுக் கைப்பிடி நடுவுக்கு வராவிட்டால் பலம் கொடுக்காதீர்கள், 8-ஐப் போடுங்கள். கேஸ்கெட்டின் சரிந்த விளிம்பு மேல்நோக்கி இருக்கட்டும்.